ஜன்னலில் அடித்த படம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்குச் சர்க்கரை, இன்னொருத்திக்கு மருமகள். நேற்று மூக்கண்டப்பள்ளியில் நாம் வழக்கமாக உட்காரும் சிமெண்டு பெஞ்சில் நீங்கள் எல்லாரும் தொழிற்சாலைப் புகையைத் திட்டித் தீர்த்தீர்கள். ஓசூர்க் காற்றே கெட்டுப்போய்விட்டது, அந்தக் காலத்துக் காற்று வருமா என்று அங்கலாய்த்தீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாயாடிக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேலி வேறு. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் இதை எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறேன், வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். அந்த நல்ல காற்று அடித்த காலத்தில்தான், அந்த நல்ல காற்று அடித்த ஊரில்தான், ஒரு பிள்ளையைக் காற்றில்லாமல் சாகவிட்டோம். அவள் என் தங்கை.

எங்கள் ஊர் கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில். அணை கட்டாத காலம். நீங்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கேழ்வரகுக் காடும் மல்பெரித் தோட்டமும் இருந்தன. மல்பெரி இருந்தால் பட்டுப்பூச்சி இருக்கும். வீட்டை ஒட்டித் தனியாக ஒரு மண்சுவர்க் கட்டிடம், அதற்குப் பூச்சி வீடு என்று பெயர். அதற்கு ராணி என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருடமே தாலியை இழந்து எங்களிடம் வந்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை, பூச்சிதான் பிள்ளை. குளிக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது, வெங்காயம் உரித்த கையோடு போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. வெளியாள் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க முனகிக்கொண்டிருப்பாள்.

தங்கைக்கு அப்போது ஆறு வயது. எனக்குப் பத்து. மூன்று வயதில் அவளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, கழுதைப் பால் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குப் போய்விட்டது. இவளுக்கு மட்டும் இருமல் தங்கிவிட்டது. காலையில் எழுந்தால் அரை மணி நேரம் இருமுவாள். பச்சையாகக் கோழை வரும், நாற்றம் அடிக்கும். அதற்கென்று ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் போட்டு வைத்திருப்பாள், தானே துப்பி, தானே சாம்பலால் மூடி, தானே கொண்டுபோய்க் கொட்டுவாள். யாரும் அதைத் தொட விடமாட்டாள். ஆறு வயதில் அவ்வளவு வெட்கம் அவளுக்கு.

ஆனால் இருமல் நின்ற நேரத்தில் அவள் வாய் நிற்காது. கன்னடம் பேசும் பால்காரரிடம் கன்னடம், தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் அதிகாரம். பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அந்தக் காலத்து அட்மிஷன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் வயது வந்துவிட்டது. அந்த வருடம் வாத்தியார் முன்னால் நின்று அவள் எக்கி எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. அவளைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் எட்டியது. வீட்டுக்கு வந்து, "அடுத்த வருசம் தொட்டுருவேன், நீ வேணா பாருக்கா" என்றாள். அதிலிருந்து தினமும் சாப்பிட்டதும் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

அவள் விரல் நுனிகள் உருண்டையாக இருக்கும், நகம் வளைந்து பளபளவென்றிருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அந்த விரல்களைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, "லட்சுமி கையிடி இது, போற எடத்துல பொன்னா வெளையும்" என்பாள். அம்மாவுக்கு அதில் பெருமை. பெங்களூர் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்னால் அந்த விரல்களைத்தான் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, நானும் கூடப் போயிருந்தேன்.

தீபாவளி கழிந்து பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் அவளை ஒரு பலகைக்கு எதிரே நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். போட்டோ எடுக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்கூட அதுவரை யாரும் போட்டோ எடுத்ததில்லை. "தலை சீவாமப் போயிட்டேனேக்கா" என்று என் காதில் சொன்னாள். அவளைப் படம் பிடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அந்தப் படம் வெகுநாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது எங்கே போனதென்று தெரியவில்லை. வீடே போன பிறகு பெட்டியை எங்கே தேடுவது?

டாக்டர் கன்னடத்துக்காரர். அப்பாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் எனக்கும் புரியட்டும் என்று டாக்டர் தெரிந்த தமிழில் சொன்னார். "நெஞ்சுக்குள்ள சின்னச் சின்னக் குழாய் இருக்குது. கக்குவான்ல அது கெட்டுப்போய் பை மாதிரி தொங்கிப்போச்சு. சளி அதுல தேங்குது. பழையபடி ஆவாது."

"எப்ப சாமி சரியாவும்?" என்று அப்பா கேட்டார்.

"ஆவாதுன்னுதான் சொல்றேன். இதை வச்சுக்கிட்டேதான் வளரணும். நல்லாப் பாத்துக்கிட்டா வளரும்."

பார்த்துக்கொள்வது எப்படி என்றும் சொன்னார். குளிர் படக்கூடாது, புகை படக்கூடாது, நல்ல காற்று வேண்டும். காலையும் மாலையும் கட்டில் விளிம்பில் தலை கீழே தொங்கும்படி குப்புறப் படுக்கவைத்து, கையைக் குவித்து முதுகில் தட்ட வேண்டும், சளி வெளியே வந்துவிடும். ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொன்னார். எப்படித் தட்டுவது என்று என் கையைப் பிடித்துக் காட்டியும் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். துண்டு நனைந்திருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

தட்டும் வேலை என்னுடையது. முதல் வாரம் அது பலன் தந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். கொட்டாங்கச்சி நிறைய வரும், அப்புறம் பகல் முழுக்க இருமல் குறைந்திருக்கும், இரண்டு உருண்டைக் களி சாப்பிடுவாள். ஆனால் வாசலில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "நோயாளிப் புள்ளையத் தலைகீழாத் தொங்கவிட்டு அடிக்கிறாங்க" என்று தண்ணீர்க் கிணற்றடியில் பேச்சு. அம்மா அங்கே போய்விட்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதுண்டி, கொல்லாதே அவள." அதற்குப் பிறகு அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத் தட்டினேன். பத்து வயதில் எவ்வளவு மறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு.

மார்கழி நெருங்கியதும் பனி இறங்கியது. ஓசூர்க் குளிர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்போது இன்னும் கொடுமை. டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு பெரியவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கூடத்தில் படுக்கவைத்தால் குளிர். சமையல்கட்டில் படுக்கவைத்தால் வெதுவெதுப்பு, ஆனால் விறகுப் புகை. புகையும் கூடாது, குளிரும் கூடாது என்றால் எங்கே வைப்பது? அப்போது அத்தை சொன்னாள்:

"எங்கிட்டக் குடுத்துருண்ணா. எம் பூச்சி மாதிரி வளத்துக் குடுக்கறேன்."

அவள் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். தும்மினாலே விரட்டுகிறவள், இருமுகிற பிள்ளையைப் பூச்சி வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அங்கே குளிர் இல்லை. பூச்சிக்குக் குளிர் ஆகாது என்று சுற்றிலும் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, நாலு மூலையிலும் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி வைப்பார்கள். கரி கனன்ற பிறகு கண்ணுக்குப் புகை தெரியாது. எங்கள் வீட்டிலேயே சுத்தமான இடமும் அதுதான். அப்பா எழுந்து போய்ச் சுவரெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். "பூச்சிக்கு ஒத்துக்குற எடம் புள்ளைக்கு ஒத்துக்காதா?" என்றார். குளிர் இல்லை, புகை இல்லை. டாக்டர் சொன்ன மூன்றாவதை யாரும் எண்ணவில்லை. நல்ல காற்றுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம், அது பாட்டுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

முட்டை பொரிந்த அன்றைக்கே அவளுக்கு அங்கே கட்டில் போட்டாயிற்று. பூச்சித் தட்டுகள் அடுக்கிய மூங்கில் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவில், கிழக்கு ஜன்னலுக்கு நேரே. அந்த ஒரு ஜன்னலை மட்டும் அத்தை அடைக்காமல் வைத்திருந்தாள், இலை போட வெளிச்சம் வேண்டுமே. அதன் வழியாகக் குளிர்ந்த காற்று நேராகப் பிள்ளையின் மேல் அடித்தது. அத்தை சாக்கைத் தூக்கிப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அடைத்தால் இருட்டு, விட்டால் குளிர்.

நான்தான் சொன்னேன், பெங்களூர்ப் படத்தை அடிக்கலாம் என்று. தங்கை வேறு தன் போட்டோவைக் காட்டு காட்டு என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். படத்தை ஜன்னல் சட்டத்தில் வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்தேன். மிச்ச இடுக்கில் துணி திணித்தேன். காற்று நின்றது, வெளிச்சம் வந்தது. "பெரிய மூளைக்காரிடி நீ" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

காலை வெயில் வந்ததும் படம் விளங்கும். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தெரியும். அவள் படுத்தபடியே எண்ணுவாள். கீழே ஓரத்தில் மங்கலாக, கொத்தாக ஏதோ தெரியும். "இதுதான் பையா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

பூச்சி அருமையாக வளர்ந்தது. தோலுரிக்கும் மூன்றாம் தூக்கம் முடிந்து எழுந்த பிறகு அவை இலை தின்னும் சத்தம் கூரையில் தூறல் விழுவது போல இருக்கும், அவள் அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வகுப்பு என்று பெயர் வைத்து, எந்த வகுப்பு இன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எனக்குச் சொல்வாள். ஆனால் அங்கே அவள் முதுகில் தட்டக் கூடாது. "அதிர்ச்சியில பூச்சி தின்றத விட்டுரும்டி, வெளிய குளுருக்கும் கூட்டிக்கிட்டுப் போவாதே" என்று அத்தை சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அது நிம்மதி. நானும் விட்டுவிட்டேன். பூச்சி வளர்க்கும் மாதத்தில் வீட்டை விட்டு யாரும் நகர முடியாது, அதனால் பெங்களூருக்குக் காட்டப் போவதும் கூடு கட்டி முடியட்டும் என்று தள்ளிப்போயிற்று.

ஒரு நாள் இலை கொண்டு போனேன். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நிற்க, வாயைப் போர்வையால் பொத்திக்கொண்டிருந்தாள். பயந்துபோய்ப் போர்வையை இழுத்தேன்.

"இரும வந்துச்சுக்கா. முழுங்கிட்டேன்" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"ரெண்டாங் கிளாஸ் தூங்குது. எழுந்துருமில்ல."

அவள் இருமல் குறைந்துவிட்டது என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருக்கிறது, ரத்தம் ஊறுகிறது என்றாள். காலையில் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாள், தலை வலிக்கிறது என்பாள். நன்றாகத் தூங்குகிறாள் என்றார்கள். அடைத்த அறையில் எரியும் கரி காற்றையே விஷமாக்கும், முதலில் தலை வலிக்கும், தூக்கம் வரும் என்று பல வருடம் கழித்து என் பேரனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னபோது, அவரை மேலே பேசவிடாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மருமகள் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடிவந்தாள்.

மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது பூச்சிகள் பழுத்தன. பழுத்த புழு தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், தலையைத் தூக்கி நூல் விட இடம் தேடும். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு தண்ணீர் கிடையாது. பொறுக்கிப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். சந்திரிகை என்பது கூடு கட்டுவதற்காகச் சுருள் சுருளாக மூங்கில் பின்னிய பெரிய தட்டி. விட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே முற்றத்தில் சாய்த்து வைப்போம். கூடு கட்டும்போது பூச்சிக்குக் காற்று வேண்டும். அடைத்த இடத்தில் கட்டினால் நூல் கெடும், புழு உள்ளேயே அழுகும். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து ஒவ்வொன்றாக அவள் கட்டிலைத் தாண்டித் தூக்கிப் போனோம். நாலாவதோ ஐந்தாவதோ தூக்கும்போது அவள் என் பாவாடையைப் பிடித்தாள்.

"அக்கா, என்னையும் வெளிய வை."

"வெளிய பனிக்காத்து கண்ணு" என்று அம்மா சொன்னாள்.

"பூச்சிக்கு மட்டும்?"

"பூச்சி கூடு கட்டுதில்ல. உனக்கு ஆவாது. வேலை முடிஞ்சு வந்து கஞ்சி குடுக்கறேன், படு."

அவள் கையை விட்டாள். பிறகு, "அக்கா, இங்க பாரு" என்றாள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்தாள். உருண்டை விரல் நுனி காதைத் தொட்டது. நான்கூட, "அடடே, தொட்டுட்டியே" என்று கத்தினேன், அத்தை அங்கிருந்தே உஸ் என்றாள். கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்திருந்ததா, தோள் துவண்டு இறங்கியிருந்ததா, கவனிக்கவில்லை. கையில் சந்திரிகை கனத்தது. போய்விட்டோம்.

உச்சிப் பொழுதுக்கு அம்மா கஞ்சியோடு உள்ளே போனாள். அடுத்து அவள் போட்ட சத்தத்துக்கு முற்றத்தில் அப்பா பிடித்திருந்த தட்டி கீழே விழுந்தது. அத்தனை வருடத்தில் பூச்சி வீட்டுக்குள் யாரும் போடாத சத்தம் அது. தங்கை போர்வையால் வாயைப் பொத்தியபடியே கிடந்தாள்.

அந்த வருடத்துக் கூடு போல அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்று ஊரில் சொன்னார்கள். ஒவ்வொன்றும் முழுசாக, கெட்டியாக, மஞ்சளாக. முற்றம் நிறைய அது கிடந்தது, யாரும் அதன் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தோம். கூடு கட்டி முடிந்தால் பூச்சி வீட்டைக் காலி செய்து சாணி தெளித்து மெழுக வேண்டும், துக்க வீடு என்றாலும் அதை அப்படியே போட முடியாது. அத்தை மெழுக ஆரம்பித்தாள். நான் ஜன்னல் மேல் ஏறிப் படத்தைப் பிடுங்கினேன். துணியை எடுத்தேன், ஒரு ஆணி, இரண்டு ஆணி, நாலாவது ஆணி வந்ததும் படம் கையோடு வந்துவிட்டது.

காற்று உள்ளே வந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து, பனி காய்ந்த கேழ்வரகுத் தாள் வாசனையோடு, அறை முழுக்க வந்தது. தாங்கியில் மிச்சமிருந்த சருகுகள் பறந்தன. அத்தை சாணிக் கையோடு அப்படியே நின்றாள். முகத்தில் அந்தக் காற்று பட்டுக்கொண்டிருந்தது.

"பூச்சிய வெளிய வச்சேனேடி" என்றாள். "அதுக்குக் காத்து வேணும்னு எனக்குத் தெரிஞ்சுதேடி."

மெழுகிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பூச்சி வளர்க்கவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்க எங்களில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் வைப்போம். அம்மா அந்தப் படத்தைத் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள், அவளுடையதென்று வேறு படம் ஏது? சாம்பிராணி போடாமல் வெறும் விளக்கு மட்டும் ஏற்றினாள், புகை ஆகாதே என்று. குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு படத்தின் முன்னால் குனிந்தாள். அதில் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கே பொட்டு வைப்பதென்று தெரியாமல் அவள் விரல் வெகுநேரம் அப்படியே நின்றது. கடைசியில் நெஞ்சில் வைத்தாள்.